காலையா, மாலையா: மறதி என்று கருதப்பட்ட ஒரு கேள்திறன் குறைவு

பின்னணி

இது 73 வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றிய பதிவு. அலுவலகக் கணக்குப் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர், மகள், மருமகன், பேரன், பேத்தி ஆகியோருடன் வசித்து வந்தார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், நீரிழிவு இல்லை. இரைச்சல் மிகுந்த தொழிற்கூடங்களில் வேலை செய்ததில்லை, காதில் சீழ் வடிந்ததில்லை, தலையில் பலத்த அடி பட்டதில்லை. அவருடைய தாயாருக்கு எழுபதைக் கடந்தபின் காது மந்தமாகிவிட்டது என்பதைத் தவிரக் குடும்பத்தில் குறிப்பிடும்படியான காதுக் கோளாறு எதுவும் இல்லை.

அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு இதை எழுதுகிறேன். செவித்திறன் வல்லுநராக நான் அவரை ஐந்து மாத இடைவெளியில் இரண்டு முறை மதிப்பிட நேர்ந்தது. முதல் முறை நான் செய்யாமல் விட்டதுதான் இரண்டாம் முறைக்குக் காரணமாயிற்று என்பதால் அதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

முதல் வருகை: குறும்பியும் அரைகுறைத் தெளிவும்

முதலில் மகள்தான் அவரை அழைத்து வந்தார். தொலைக்காட்சியின் ஒலியை அம்மா நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகிறார், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பவை மகள் கூறிய குறைகள். பெண்மணி அவற்றை ஏற்கவில்லை. "எனக்குக் காது கேட்கிறதம்மா, நீங்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசினால் என்ன புரியும்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். இந்த வாக்கியத்தை இத்துறையில் இருப்பவர்கள் அன்றாடம் கேட்கிறோம். பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவரின் பேச்சு என்று எடுத்துக்கொண்டு விடுகிறோம். உண்மையில் அது தம் நிலையை ஒருவர் சொல்லக்கூடிய மிகத் துல்லியமான விவரிப்பு. அதை நான் பின்னரே உணர்ந்தேன்.

காதுகளை விளக்கிட்டுப் பார்த்தபோது வலது செவிப்பறை தெளிவாகத் தெரிந்தது. இடது காதின் துளையைக் குறும்பி முழுவதுமாக அடைத்திருந்தது. வயது ஏற ஏறக் குறும்பி உலர்ந்து கெட்டிப்படுவதாலும் காதுத் துளையின் உரோமங்கள் தடிப்பதாலும் அது தானாக வெளியேறுவது குறைகிறது. எனவே இதில் வியப்பில்லை. அடைப்பு இருக்கும்போது கேள்திறன் சோதனை செய்தால் முடிவு பிழையாகும் என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் குறும்பியை அகற்றினார். மறுநாள் மகள் தொலைபேசியில் அழைத்து, அம்மாவுக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது, சோதனைக்கு வரத் தேவையில்லை என்று நினைக்கிறோம் என்றார். நானும் சரி என்று சொல்லி, குறித்திருந்த நேரத்தை நீக்கிவிட்டேன்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. அடைப்பு நீங்கியதும் இடது காதில் ஒலி கூடியிருக்கும். ஒரு காது திடீரென்று திறந்துகொண்டதன் மகிழ்ச்சியும் சேர்ந்திருக்கும். ஆனால் குறும்பி இல்லாத வலது காதோடுதான் அவர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு காது சரியாக இருந்திருந்தால் அமைதியான வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை அவ்வளவு கூட்டியிருக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம் கிடைத்ததும், அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

இடைப்பட்ட ஐந்து மாதங்கள்

இந்தக் காலத்தில் நடந்தவற்றை மகள் வாயிலாகவும் பொது மருத்துவரின் குறிப்புகள் வாயிலாகவும் பின்னர் அறிந்தேன். பெண்மணி பலர் கூடிப் பேசும் இடங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத விடை சொல்வது, சற்றுமுன் சொல்லப்பட்ட செய்தியை மீண்டும் கேட்பது, பேச்சின் நடுவில் சிரித்து மழுப்புவது ஆகியவை மிகுந்தன. வீட்டார் இவற்றை மறதியின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதனிடையே மருத்துவர் இரத்த அழுத்தத்துக்காகத் தியாசைடு வகைச் சிறுநீர் பெருக்கி மாத்திரை ஒன்றைச் சேர்த்து, அதைக் காலையில் எடுக்கச் சொன்னார். அன்று மகள் உடன் செல்லவில்லை; மருத்துவர் முகக்கவசம் அணிந்திருந்தார்; மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெண்மணி தலையசைத்துவிட்டு வந்து அந்த மாத்திரையை மாலைதோறும் எடுத்துக்கொண்டார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து கழிப்பறைக்குச் செல்ல நேர்ந்தது; உறக்கம் கெட்டது; பகலில் சோர்வும் தடுமாற்றமும் வந்தன. வீட்டாரின் அச்சம் உறுதிப்பட்டது. அடுத்த வருகையில் மருத்துவர், 30 மதிப்பெண் கொண்ட சுருக்கமான நினைவாற்றல் சோதனை ஒன்றை வாய்மொழியாக நடத்தினார். பெண்மணி 19 பெற்றார். சோதனையின்போது அவர் முன்னோக்கிச் சாய்ந்து தம் உதடுகளைத் தேடியதாகவும், ஆகவே மேற்கொண்டு எதையும் முடிவு செய்வதற்கு முன் கேள்திறனை அறிய விரும்புவதாகவும் குறிப்பெழுதி மருத்துவர் என்னிடம் அனுப்பினார். இந்த நிகழ்வில் சரியான திசைக்குத் திருப்பியவர் அவர்தான்.

இரண்டாம் வருகை: கண்டவை

இம்முறை விவரம் கேட்பதற்கே நீண்ட நேரம் எடுத்துக்கொண்டேன். காதைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் உண்டா என்று அறிய மாத்திரைகளை எல்லாம் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். ஜென்டாமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும், சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தும், அதிக அளவில் தரப்படும் சில சிறுநீர் பெருக்கிகளும் உட்செவிக்குக் கேடு செய்யக்கூடியவை. இவருடையது அந்த வகையன்று. ஆனால் எதை எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் அந்த மாத்திரை மாலையில் எடுக்கப்படுவது தெரியவந்தது. "மாலையில் என்றுதானே டாக்டர் சொன்னார்" என்று அவர் சிறிதும் ஐயமின்றிச் சொன்னார். அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டு நேரம் மாற்றப்பட்டது.

ஒலிக்காப்பு அறையில் செய்த சோதனையில் வலது காதின் கேள்வரம்பு (கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு; எண் கூடக் கூடக் கேள்திறன் குறைவு) 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1,000-இல் 30, 2,000-இல் 45, 4,000-இல் 60, 8,000-இல் 75 என்று படிப்படியாகச் சரிந்தது. இடது காதும் ஏறக்குறைய அதே வடிவம். ஓரிரு இடங்களில் 5 டெசிபல் கூடுதல் குறைவு. முதல் நான்கு அதிர்வெண்களின் சராசரி வலது காதில் 40 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட தர வரிசைப்படி இது மிதமான குறைவு. நடுச்செவியின் அழுத்தம் இயல்பாக இருந்தது. எலும்பு வழிக் கேட்டலும் காற்று வழிக் கேட்டலும் ஒத்துப்போயின. அதாவது கோளாறு உட்செவியில் அல்லது அதற்கு அப்பால். இரு காதுகளும் ஒத்திருந்ததாலும், குறைவு திடீரென்று வந்ததற்கான அறிகுறி இல்லாததாலும், செவி நரம்புக் கட்டியை ஐயுற்று ஸ்கேன் எடுக்கும் தேவை எழவில்லை. ஒரு காது மட்டும் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் அதைத் தவிர்க்க முடியாது. ஓரிரு நாளில் திடீரென்று வந்த குறைவாக இருந்தால் அது அவசர சிகிச்சைக்குரியது.

இதுவரை கண்டவை எல்லாம் இந்த வயதில் எதிர்பார்க்கத்தக்கவை. உண்மையான விளக்கம் சொற்சோதனையில் கிடைத்தது. அமைதியில், வசதியான ஒலியளவில் 25 சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்தபோது வலது காதில் 22, இடது காதில் 21 சரியாக வந்தன. இங்கே நிறுத்தியிருந்தால் ஏறக்குறைய எல்லாம் நன்று என்று எழுதியிருப்பேன். பின்னணியில் பலர் பேசும் இரைச்சலை, சொல்லைவிட 5 டெசிபல் மட்டும் தாழ்வாக ஓடவிட்டு இரு காதுகளுக்கும் சேர்த்துச் சோதித்தபோது சரியானவை 11-ஆக வீழ்ந்தன.

தவறிய 14 சொற்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதில் பிழை ஒரே வகை: சொல்லின் முதலில் வரும் வல்லின ஒலி தவறியிருந்தது. கடை என்பது படையாகவும், தட்டு என்பது பட்டாகவும் கேட்டிருந்தன. சாலை என்பது மாலையாகவே கேட்டிருந்தது. நம் இலக்கணம் க, ச, ட, த, ப, ற ஆகியவற்றை வல்லினம் என்கிறது. அந்தப் பெயர் பிறப்பு முயற்சியைப் பற்றியது. சொல்லின் முதலிலும் இரட்டித்தும் வரும்போது இவை குரலதிர்வு இல்லாத, மிகக் குறுகிய வெடிப்போ உரசலோ மட்டும்தான். ஒலியாற்றலைப் பொறுத்தவரை இவையே பேச்சில் மெலிந்தவை. ச, ஸ, ஷ போன்ற உரசல்களின் ஆற்றல் பெரிதும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. மாறாக ம, ந போன்ற மெல்லினங்களில் குரல் ஒலிக்கிறது. அவற்றின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் தங்குகிறது. உயிரொலிகளும் அவ்வாறே. ஆகவே முதுமையின் காதில் உயிரும் மெல்லினமும் நின்றுகொள்ள, வல்லினம் முதலில் கழன்றுவிடுகிறது. காலை என்ற சொல்லில் முதல் வெடிப்பு தவறினால் காதுக்கு வந்து சேர்வது 'ஆலை' என்ற மிச்சம்தான். அந்த இடத்தில் பொருந்தக்கூடிய சொல்லை மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மாத்திரையைப் பற்றிய பேச்சில் அது மாலை ஆனதில் வியப்பில்லை.

வேறு இரண்டு அளவுகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். 4,000 ஹெர்ட்ஸில் 60 டெசிபலுக்குக் கீழ் எதுவும் கேட்காத அவருக்கு, அதே அதிர்வெண்ணில் 95 டெசிபல் பொறுக்க முடியாத உரப்பாக இருந்தது. கேட்கத் தொடங்குவதற்கும் வலிப்பதற்கும் இடையே 35 டெசிபல்தான் எஞ்சியிருந்தது. "கொஞ்சம் உரக்கச் சொல்" என்று கேட்டுவிட்டு அடுத்த நொடியே "ஏன் கத்துகிறாய்" என்று அம்மா எரிந்து விழுகிறார் என்ற மகளின் மனக்குறைக்கு விடை இதில் இருந்தது. இரண்டாவது, கேள்திறன் குறைவு அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்பதை 10 கேள்விகளால் அறியும், 40 வரை மதிப்பெண் கொண்ட வினாநிரல். பெண்மணி தமக்கு இட்டுக்கொண்டது 14. மகள் தாய்க்காக நிரப்பியது 28. ஒருவர் மறைக்கிறார், மற்றவர் மிகைப்படுத்துகிறார் என்று இதைக் கொள்ளலாகாது. கேட்காமற்போன சொற்கள் எத்தனை என்பது கேட்காதவருக்குத் தெரிவதில்லை.

காதுக்குள் நடந்தது

குழந்தைப் பருவத்தில் மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. மேல் எல்லை இளமையிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. நடுவயதில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பலருக்குக் கேட்பதில்லை. பேச்சுக்கு அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்கள் தேவையில்லாததால் எவரும் அதைக் கவனிப்பதில்லை. வழக்கமான சோதனையும் 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. தேய்வு 4,000-ஐயும் 2,000-ஐயும் தொடும்போதுதான் சொற்கள் மங்குகின்றன. அதற்குள் பல பத்தாண்டுகள் கடந்திருக்கும் என்பதால் பாதிக்கப்பட்டவரால் ஒரு தொடக்க நாளைச் சுட்ட முடிவதில்லை.

உட்செவியின் நத்தைச் சுருளான காக்ளியாவில் அடிப்பகுதி உயர் அதிர்வெண்களுக்கும் நுனிப்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் உரியவை. ஒலி அதனுள் அலையாக ஓடி, தனக்குரிய இடத்தில் உச்சம் அடைவதைக் கண்டறிந்த கியார்க் ஃபான் பெகெஷிக்கு 1961-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 12,000 வெளி உரோம செல்களும் 3,500 உள் உரோம செல்களும் இருக்கின்றன. உள் செல்கள் செய்தியை நரம்புக்குத் தருகின்றன. வெளி செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. இவை ஒருமுறை மடிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் பெரும்பாலும் அடிப்பகுதியிலிருந்தே அவை குறைகின்றன. வெளி செல்கள் குறையும்போது மெல்லிய ஒலி கேட்காமற்போகிறது, ஆனால் உரத்த ஒலி முன்போலவே உரத்துக் கேட்கிறது. அந்த 35 டெசிபல் இடுக்கின் காரணம் இது.

உரோம செல்கள் மட்டுமே முதுமைக்கு இரையாகின்றன என்று சொல்லிவிட முடியாது. காக்ளியாவின் பக்கச் சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் நிறைந்த திசு, உட்புற நீர்மத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைப் பேணுகிறது. அது தளர்ந்தால் செல்கள் உயிரோடிருந்தும் உணர்திறன் குன்றும். உரோம செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளும் அற்றுப்போகலாம். உரத்த ஒலிக்கு ஆளான எலிகளில் கேள்வரம்பு பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும் இந்த இணைப்புகளில் பெரும் பகுதி அழிந்திருந்ததை 2009-இல் குஜாவா, லிபர்மன் ஆகியோர் காட்டினார்கள். மனிதரில் இதன் பங்கு இன்னும் ஆய்வில் இருக்கிறது. எனினும் ஒரே கேள்வரம்பு வரைபடத்தைக் கொண்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் இரைச்சலில் பேச்சு புரியாமற்போவதை நினைக்கும்போது இந்த விளக்கம் மனத்தில் வந்து நிற்கிறது. இவற்றோடு, அடுத்தடுத்து வரும் ஒலிகளைப் பிரித்தறியும் மூளையின் விரைவும் முதுமையில் குறைகிறது.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

பெண்மணி காது கேட்கும் கருவி வேண்டாம் என்றே தொடங்கினார். காது மெஷின் மாட்டிக்கொண்டால் கிழவி என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். நான் வாதாடவில்லை. அவர் தவறவிட்ட சொற்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். வாழ்நாள் முழுவதும் எண்களைச் சரிபார்த்தவர் என்பதால் அவர் அதைப் படித்த முறையே வேறாக இருந்தது. காலை, மாலை என்ற இரண்டு சொற்களையும் விரலால் தொட்டுக் காட்டி, "அப்போது தப்பு என் புத்தியில் இல்லை" என்றார். கருவிக்குச் சம்மதித்தது அதன் பிறகுதான்.

ஒரு காதுக்கு மட்டும் போதும் என்று அவர் கேட்டும் இரண்டையும் பரிந்துரைத்தேன். ஒலி வரும் திசையை அறியவும் இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிக்கவும் மூளைக்கு இரு காதுகளின் செய்தியும் வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களில் கேள்திறன் நன்றாகவே இருந்ததால் துளையை முற்றிலும் அடைக்காத திறந்த முனையைத் தேர்ந்தெடுத்தேன். அடைத்துவிட்டால் தம் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும், பலர் முதல் வாரத்திலேயே கழற்றி வைத்துவிடுவதற்கு அதுவே காரணம். விரல் மூட்டுகள் இறுகியிருந்ததால் சிறு பட்டன் பேட்டரிக்குப் பதில் மின்னேற்றம் செய்யும் வகை. கணக்கிடப்பட்ட பெருக்கத்தை முழுமையாக உடனே தராமல் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் தொடங்கி, ஆறு வாரங்களில் உயர்த்துவதென்று முடிவு செய்தேன். கருவி காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்பதை மெல்லிய குழாய் ஒலிவாங்கியால் அளந்து சரிசெய்தேன். கணினித் திரை காட்டும் கணக்கு வேறு, ஒருவரின் காதுத் துளைக்குள் நிகழ்வது வேறு.

வீட்டாரோடு ஒரு தனி அமர்வு நடத்தினேன். கத்தினால் உயிரொலிதான் பெருக்கும், தவறிய வல்லினம் பெரிதாக மாறாது. எனவே அருகில் வந்து, முகம் தெரிய, சற்று நிதானமாகப் பேச வேண்டும் என்று விளக்கினேன். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. செலவில்லாத பெருக்கம் அது. புரியாத வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல் சொற்களை மாற்றிச் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டேன். மருந்து நேரத்தைச் சொல்லும்போது காலை, மாலை என்ற இரட்டையையே விட்டுவிட்டு, 'விடிந்ததும்', 'பொழுது சாய்ந்ததும்' என்று சொல்வதென்றும், மணியோடு எழுதி வைப்பதென்றும் ஏற்பாடாயிற்று. இந்த யோசனையைச் சொன்னவர் அந்த மகள்தான். நான் இதைப் பிற குடும்பங்களுக்கும் இப்போது சொல்லி வருகிறேன்.

பொருத்திய பின்

முதல் இரண்டு வாரங்கள் எளிதாக இல்லை. பாத்திரங்களின் ஓசையும் காகிதம் கசங்கும் ஒலியும் தாங்க முடியவில்லை என்றார். கருவியின் பதிவில் அணிந்த நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று மணி நேரம்தான். பல ஆண்டுகளாகக் கேளாதிருந்த உயர் அதிர்வெண்கள் திரும்பும்போது மூளை அவற்றைத் தேவையற்ற கூச்சலாகவே எண்ணும் என்பதைச் சொல்லி, திடீர் ஒலிகளுக்கான பெருக்கத்தைச் சற்றுக் குறைத்தேன். ஆறாம் வாரத்தில் நேரம் ஏழு மணியாக உயர்ந்தது. பேத்தியின் பேச்சு இப்போது பிடிபடுகிறது என்று தாமாகவே சொன்னார்.

நான்காம் மாதத்தில் மகள் பதற்றத்தோடு அழைத்தார்: அம்மா பழையபடி ஆகிவிட்டார். அழைத்து வரச் செய்து பார்த்தபோது இடப்பக்கக் கருவியின் முனையிலுள்ள வலைத்தடுப்பைக் குறும்பி அடைத்திருந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் குறும்பி சேரும் காது என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தும் அந்தத் தடுப்பை மாற்றப் பழக்காமல் விட்டது என் பிழை.

நினைவாற்றல் சோதனை, மீண்டும்

கருவி பொருத்திய மூன்றாம் மாதத்தில் மருத்துவர் சோதனையை மறுபடி நடத்தினார். அமைதியான அறை, முகக்கவசம் இல்லை, வழிமுறைகள் எழுத்திலும் தரப்பட்டன. இம்முறை 25. மீண்ட மதிப்பெண்களில் பெரும்பாலானவை சொற்களையும் எண்களையும் வாக்கியங்களையும் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதிகளைச் சேர்ந்தவை. அதாவது நினைவுக்குள் செல்லுமுன் காதிலேயே தவறிப்போனவை. உறக்கம் சீரானதற்கும், ஒரே சோதனையை இரண்டாம் முறை எழுதும் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் ஆறு மதிப்பெண்ணையும் கருவியின் கணக்கில் வைக்க நான் தயாராக இல்லை. சிறிது நேரம் கழித்துச் சொற்களை நினைவுகூரும் பகுதியில் அவர் முதல் முறை தடுமாறியதுபோலவே இம்முறையும் தடுமாறினார். மருத்துவர் அதைக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்.

கேள்திறன் குறைவுக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி மகள் கேட்டார். குறைவு உள்ளவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்படுவது பல ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது; கருவி அதைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கருவியால் அறிவாற்றல் தேய்வில் வேறுபாடு இல்லை; இடர் கூடுதலாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது. இதை அப்படியே சொன்னேன். கருவி அம்மாவின் நினைவைக் காக்கும் என்று உறுதி கூறவில்லை; கேட்டதைக் கேட்டபடி நினைவில் வைக்கும் வாய்ப்பை அது தரும் என்று மட்டும் கூறினேன்.

ஓராண்டு முடிவில்

கருவி அணியும் நேரம் இப்போது நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். அதே இரைச்சலில் அதே வகைச் சொற்களைக் கருவியோடு சோதித்தபோது 25-இல் 15 சரி. பேசுபவரின் முகமும் தெரிந்தபோது 20. வினாநிரலில் தாய் இட்ட மதிப்பெண் 10, மகள் இட்டது 14. இருவரின் கணிப்பும் நெருங்கியிருப்பதை, எண்கள் இறங்கியதைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன். பலர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டங்களில் அவருக்கு இன்னும் சிரமம்தான். ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுகிறார். மடிந்த செல்களுக்குப் பதில் எந்தக் கருவியும் ஆகாது என்பதை அவரும் அறிந்திருக்கிறார். முனைத்தடுப்பை மாற்றும் வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி மாற்றிச் செய்பவை

குறும்பிக்காக ஒருவரை அனுப்பும்போது, அகற்றியபின் செய்யவேண்டிய சோதனைக்கான நாளைக் கையில் எழுதிக் கொடுத்தே இப்போது அனுப்புகிறேன். நன்றாகிவிட்டது என்று தொலைபேசியில் சொன்னாலும், வந்து அதை உறுதிசெய்துகொள்ளுமாறு கேட்கிறேன். 50 வயதிலிருந்தே கேள்திறனை அவ்வப்போது சோதிக்கவும், 65-க்குப் பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கவும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நிலையில், 73 வயதில் ஒரு சோதனையும் செய்யாமல் ஒருவரை விட்டதற்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் எதுவும் இல்லை.

அமைதியில் மட்டும் சொற்சோதனை செய்து முடிப்பதையும் நிறுத்திவிட்டேன். இரைச்சலோடு சேர்த்துச் செய்ய மேலும் பத்து நிமிடம் ஆகிறது; மதிப்பெண்ணை மட்டும் குறிக்காமல் தவறிய சொற்களை அவர்கள் கேட்டபடியே எழுதி வைக்க இன்னும் சில நிமிடம். அந்தத் தாளின் ஒரு படியை, நோயாளியின் இசைவோடு, அவருக்கு மருந்து எழுதும் மருத்துவருக்கும் அனுப்பி வருகிறேன். இந்த நிகழ்வுக்குப் பிறகு அந்தப் பொது மருத்துவர், முதியவர்கள் தலையசைப்பதை விடையாக ஏற்காமல், மாத்திரையை எப்போது எடுப்பீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்கிறார்.